ஒரு சித்திரம், மூன்று விலைகள்: ஆர்தர் ராக்ஹாமின் தொழில் வரலாறு

1905ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லண்டன் மாநகரின் லெஸ்டர் ஓவியக் கூடத்தில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கின் 'ரிப் வான் விங்கிள்' கதைக்காக வரையப்பட்ட நீர்வண்ணச் சித்திரங்கள் அதன் சுவர்களில் தொங்கின. மலைக்குச் சென்ற சோம்பேறி ஒருவன் குள்ள மனிதர்களோடு மது அருந்தி, இருபது ஆண்டுகள் உறங்கி, நரைத்த தாடியோடு ஊர் திரும்பும் கதை அது. கண்காட்சி நடந்தபோது அந்த நூல் வெளிவந்திருக்கவில்லை. ஹைன்மன் பதிப்பகம் அதை அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் வெளியிட்டது. ஆயினும் ஓவியர் கையொப்பமிட்ட 250 படிகள் கொண்ட சிறப்புப் பதிப்பு, கண்காட்சி முடிவதற்குள்ளாகவே முழுவதும் முன்பதிவாயிற்று. சுவரில் இருந்த சித்திரங்களும் பெரும்பாலானவை விலைபோயின.

அந்த ஓவியர் ஆர்தர் ராக்ஹாம். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. ஒரே சித்திரத்தை அவர் மூன்று முறை விற்றிருந்தார். கூடத்தில் மூலச் சித்திரம் ஒரு செல்வருக்குப் போயிற்று. கன்றுத் தோலில் பட்டு நாடா கட்டிய கையொப்பப் பிரதி நூல் சேகரிப்பவருக்குப் போயிற்று. பதினைந்து சில்லிங் விலையுள்ள பொதுப் பதிப்பு நடுத்தரக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் பரிசாகப் போயிற்று. புதிய நாவல் ஒன்று ஆறு சில்லிங்குக்குக் கிடைத்த காலம் அது என்பதை நினைவில் கொண்டால், பதினைந்து சில்லிங் என்பதும் எளிய விலை அன்று என்பது விளங்கும்.

தேவதைகளையும் பூதங்களையும் முகம் கொண்ட மரங்களையும் வரைந்தவராகவே ராக்ஹாமை உலகம் அறிந்திருக்கிறது. அவருடைய கற்பனையின் அழகைப் பற்றி எழுதியோர் பலர். எவரிடமும் மாதச் சம்பளம் வாங்காமல், மாயக் கதைகளுக்குப் படம் வரைந்தே ஒரு மனிதர் எப்படி வீடு வாங்கினார், குடும்பத்தைக் காத்தார், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தார் என்ற கேள்வியைக் கேட்டோர் அவ்வளவு பேர் இல்லை. கலையைப் பேசும் இடத்தில் காசைப் பேசுவது நாகரிகமன்று என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ராக்ஹாமிடம் அந்த எண்ணம் இருந்ததில்லை.

அவர் 1867 செப்டம்பர் 19ஆம் நாள் லண்டனின் தென்பகுதியில், பன்னிரண்டு குழந்தைகள் பிறந்த குடும்பத்தில் பிறந்தவர். தந்தை நீதித்துறை சார்ந்த அலுவலர். பதினாறாம் வயதில் உடல்நலம் கருதி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டார். வழியெல்லாம் வண்ணம் தீட்டிக்கொண்டே சென்று வந்தார். ஆனால் திரும்பியதும் கலைஞராகிவிடவில்லை. 1885இல், பதினெட்டாம் வயதில், வெஸ்ட்மின்ஸ்டர் தீக் காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். பகலில் பேரேடு, அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் லாம்பெத் கலைப்பள்ளி. இந்த இரட்டை வாழ்க்கை ஏழாண்டுகள் நீடித்தது.

அந்த ஏழாண்டுகளை வீணான காலம் என்று எழுதுவது வழக்கம். அது சரியான கணிப்பாகத் தோன்றவில்லை. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கவும், குறித்த நாளில் வேலையை முடிக்கவும், வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதவும் கற்ற இடம் அந்த மேசைதான். பின்னாளில் பதிப்பகத்தாரோடு அவர் நடந்துகொண்ட முறையில் ஓவியரைக் காட்டிலும் அந்த எழுத்தரே மிகுதியாகத் தென்படுகிறார்.

1892இல் அவர் அலுவலக வேலையை விட்டார். 'வெஸ்ட்மின்ஸ்டர் பட்ஜெட்' என்னும் வார இதழுக்குச் செய்தியாளராகவும் படம் வரைபவராகவும் பணியாற்றத் தொடங்கினார். அரசியல் கூட்டங்கள், தெருக்காட்சிகள், பிரமுகர்களின் முகங்கள் எனக் கண்டதை அன்றன்றே வரைந்து கொடுக்க வேண்டிய தொழில். 1893 முதல் நூல்களுக்கும் படம் வரைந்தார்; பயண நூல், சிறு உரையாடல் கதைகள் என்று வந்ததையெல்லாம் ஏற்றார். அக்காலத்தில் தொழில்நுட்பம் ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு ஓவியர் வரைந்ததை மரக்கட்டையில் செதுக்குபவர் ஒருவர் இடையில் இருந்தார். ஓவியரின் கோடு அவர் உளிக்குக் கட்டுப்பட்டது. ஒளிப்பட முறையில் பிளாக் செய்யும் வழக்கம் பரவியதும் அந்த இடையாள் நீங்கினார். ஓவியர் இழுத்த கோடு அப்படியே தாளில் வந்தது. ஆனால் அதே ஒளிப்படக் கலை சில ஆண்டுகளில் ஓவியரையே செய்தித்தாளிலிருந்து வெளியேற்றத் தலைப்பட்டது. 1899இல் மூண்ட போயர் போரின்போது, படம் வரையும் செய்தியாளருக்கு வேலை அருகிப் போயிற்று. ராக்ஹாமுக்கு அது கடினமான காலம்.

காமிராவால் செல்ல முடியாத நாட்டுக்குப் போவது ஒன்றே வழி. காமிரா ஒரு பிரதம மந்திரியைப் படம்பிடிக்கும், பூதத்தைப் படம்பிடிக்காது. அவர் இப்படி எண்ணித்தான் மாயக் கதைகளை நாடினார் என்று சொல்வதற்கில்லை. இயல்பிலேயே அவருடைய மனம் அங்கே இருந்தது. ஆனால் சந்தை அவரை அவருடைய சொந்த ஊருக்கே துரத்திவிட்டது என்பது உண்மை. 1900இல் வெளிவந்த கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுதிக்கு ஏறத்தாழ நூறு கோட்டோவியங்கள் வரைந்தார். அவர் பெயர் நிலைபெறத் தொடங்கியது அதனோடுதான். 1903இல் ஈடித் ஸ்டார்க்கியை மணந்தார். அயர்லாந்தைச் சேர்ந்த ஈடித் தாமும் உருவப்பட ஓவியர். கணவரின் மாயக் கற்பனைக்கு ஊக்கம் தந்தவரும் அவரே. ஒவ்வொரு சித்திரத்தையும் தயவின்றிக் குறைகூறியவரும் அவரே.

ராக்ஹாம் வேலை செய்த முறையை இங்கே சற்று விரிவாகக் காண வேண்டும். ஏனெனில் அவருடைய விற்பனை அந்த முறையோடு பிணைந்தது. முதலில் பென்சிலால் உருவங்களின் இடத்தையும் அசைவையும் லேசாகக் குறித்துக்கொள்வார். அதன் மேல் பேனாவாலும் கறுப்பு மையாலும் நுணுக்கங்களை எழுதுவார். மை காய்ந்ததும் பென்சில் தடங்களை அழித்துவிடுவார். பின்னர் நீர் மிகுந்த வண்ணத்தை மெல்லிய பூச்சாக இடுவார். அது காய்ந்ததும் மற்றொரு பூச்சு. அதன் மேல் மற்றொன்று. இப்படிப் பல அடுக்குகள் சேரும்போது, பழுப்பும் சாம்பலும் மங்கிய மஞ்சளும் கலந்த ஓர் அந்திப்பொழுது தாளில் இறங்கும். மரத்தின் வேர் விரலாவதும், கிளை முழங்கையாவதும், கணு கண்ணாவதும் பேனாவின் வேலை. அவற்றுக்கு இடையே காற்று நிறைவது வண்ணத்தின் வேலை.

அந்த மங்கிய நிறங்களை அவருடைய மனநிலையின் வெளிப்பாடாக மட்டும் கருதுவோர் அச்சுக்கூடத்துக்குள் சென்று பார்த்தல் நலம். அன்று புதிதாகப் பரவிவந்த மூவண்ண அச்சுமுறையில், ஒரே சித்திரத்தை வண்ணவடிகட்டிகளின் வழியே மூன்று முறை ஒளிப்படம் எடுப்பார்கள். ஒவ்வொன்றையும் நுண்புள்ளிகளாக உடைத்து ஆஃப்டோன் பிளாக் செய்வார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று பிளாக்குகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிடும்போது மூலத்தின் நிறம் கிடைக்கும். மூன்றும் ஒரே இடத்தில் பொருந்த வேண்டும். மயிரிழை விலகினாலும் உருவத்தின் விளிம்பு கலங்கிவிடும். வண்ணத்தை மட்டுமே நம்பி வரைந்த ஓவியர்கள் பலர் தம் சித்திரம் அச்சில் குழம்பிப்போனதைக் கண்டு நொந்தார்கள். ராக்ஹாமின் சித்திரத்திலோ உருவத்தைத் தாங்கி நிற்பது கறுப்புக் கோடு. வண்ணம் சற்றே நகர்ந்தாலும் கோடு அதைப் பிடித்து நிறுத்தும். பளிச்சென்ற தூய நிறங்களை அந்தப் புள்ளிகளால் அப்படியே தர இயலாது. பழுப்பையும் சாம்பலையும் அவை நன்றாகத் தந்தன. ஆக, அவருடைய அந்தி நிறம் அச்சு எந்திரத்தோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கையும் ஆகும். யாப்பின் கட்டுக்குள் நின்று பாடிய கவிஞர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அந்த முறைக்கு வழவழப்பான ஆர்ட் தாள் வேண்டும். நூலின் எழுத்துப் பக்கங்கள் சாதாரணத் தாளில்; சித்திரங்கள் ஆர்ட் தாளில் தனியே அச்சாகி, தடித்த வண்ணத் தாளில் ஓரம் ஒட்டப்பட்டு, மேலே மெல்லிய காப்புத் தாள் இட்டு நூலோடு சேர்க்கப்பட்டன. 'ரிப் வான் விங்கிள்' நூலில் இத்தகைய வண்ணச் சித்திரங்கள் 51. கதையோ சில பக்கங்களில் முடிந்துவிடுவது. சித்திரங்களெல்லாம் கதைக்குப் பின்னால் ஒரு தொகுதியாக வைக்கப்பட்டிருந்தன. கதைக்குப் படம் என்ற நிலை மாறி, படத்துக்குக் கதை என்ற நிலை வந்துவிட்டது என்று கடிந்துகொண்டால் அதில் நியாயம் உண்டு.

இந்த நிலைக்கு வேறொரு காரணமும் இருந்தது. இர்விங் 1859இலேயே மறைந்தவர். கிரிம் சகோதரர்கள், ஈசாப், ஷேக்ஸ்பியர் என ராக்ஹாமின் பெயர் பெற்ற நூல்களின் ஆசிரியர்களில் பெரும்பாலோர் மறைந்தவர்களே. மறைந்தவருக்கு உரிமைத்தொகை தர வேண்டியதில்லை. அந்தப் பணத்தைப் பதிப்பகத்தார் சித்திரத்துக்கும் அச்சுக்கும் தோலட்டைக்கும் செலவிட முடிந்தது. அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி ஒரு நூலின் பதிப்புரிமை, வெளியீட்டிலிருந்து 42 ஆண்டுகள் அல்லது ஆசிரியர் மறைந்து ஏழு ஆண்டுகள், இவற்றில் எது நீண்டதோ அதுவரை நிலைத்தது. லூயிஸ் கரோலின் 'ஆலிஸ்' 1865இல் வெளிவந்தது. 1907இல் உரிமை தீர்ந்தது. தீர்ந்த அந்த ஆண்டிலேயே பல பதிப்பகங்கள் புதிய சித்திரங்களோடு 'ஆலிஸ்' நூலை வெளியிட்டன. அவற்றுள் ஹைன்மனுக்காக ராக்ஹாம் வரைந்ததும் ஒன்று. 1911ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் காலத்தை ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் என நீட்டியது. எழுதுவோருக்கு அது நீதி. ஆயினும் சித்திரப் பரிசுநூல்களின் பொற்காலம் அந்தக் குறுகிய உரிமைக்காலத்தின் மேல்தான் எழுந்தது என்பதை மறுக்க முடியாது. ஒரு கலைஞரின் சோறு மற்றொரு கலைஞரின் உரிமை முடியும் இடத்தில் தொடங்கியது.

1905ஆம் ஆண்டுக் கண்காட்சியின் பயனாக லெஸ்டர் கூடத்தார் ராக்ஹாமை ஜே. எம். பாரியோடு சந்திக்கச் செய்தனர். 'பீட்டர் பான்' நாடகத்தால் பாரி அப்போது புகழின் உச்சியில் இருந்தவர். அவர் முன்பே எழுதியிருந்த ஒரு நாவலின் அத்தியாயங்களைப் பிரித்தெடுத்து, 'கென்சிங்டன் தோட்டத்தில் பீட்டர் பான்' என்ற பெயரில் ஹாடர் அண்டு ஸ்டவுட்டன் பதிப்பகம் 1906இல் வெளியிட்டது. ஐம்பது வண்ணச் சித்திரங்கள். சித்திரங்களின் கண்காட்சி டிசம்பரில், சரியாகப் பரிசுநூல் வாங்கும் பருவத்தில் நடைபெற்றது. கென்சிங்டன் தோட்டம் லண்டன்வாசிகள் நாள்தோறும் குழந்தைகளோடு உலாவும் இடம். அதே மரம், அதே பாதை, அதே குளம். ஆனால் வேருக்கடியில் ஒரு கல்யாண விருந்து நடக்கிறது. வாங்கியவர்கள் தங்கள் தெருமுனையிலேயே ஒரு மாயலோகத்தை வாங்கிக்கொண்டார்கள்.

கையொப்பப் பதிப்புகளின் எண்ணிக்கை அவருடைய ஏற்றத்தைக் காட்டும் அளவுகோல். 'ரிப் வான் விங்கிள்' 250. 'பீட்டர் பான்' 500. 'ஆலிஸ்' 1,130. 1908இன் 'நடுவேனிற் கனவு' 1,000. ஒவ்வொரு படியிலும் எண்ணையும் பெயரையும் ஓவியரே எழுத வேண்டும். ஆயிரம் முறை தம் பெயரை எழுதுவது கலை அன்று. ஆனால் சாதாரணப் படியைக் காட்டிலும் பன்மடங்கு விலை அந்தக் கையெழுத்துக்குக் கிடைத்தது. 'ஆலிஸ்' வந்தபோது விமரிசகர் சிலர் கடுமையாகத் தாக்கினர். ஜான் டென்னியல் முதலில் வரைந்த ஆலிஸ் இருக்க, வேறோர் ஆலிஸ் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. விற்பனை குறையவில்லை. எனினும் அந்தச் சொற்கள் தைத்திருக்க வேண்டும். ஆலிஸின் இரண்டாம் நூலுக்கு அவர் படம் வரையவே இல்லை.

ராக்ஹாமின் கணக்கில் எதுவும் ஒரு முறையோடு தீர்ந்துபோகவில்லை. 1900ஆம் ஆண்டு கிரிம் கதைக்கு வரைந்த கறுப்புவெள்ளைச் சித்திரங்களை மீண்டும் எடுத்தார். பலவற்றைத் திருத்தினார், சிலவற்றுக்கு வண்ணமிட்டார், புதியன சேர்த்தார்; 1909இல் நாற்பது வண்ணச் சித்திரங்களோடு அது புதிய நூலாயிற்று. அச்சுக்காகக் கோட்டளவில் வரைந்த சித்திரங்களுக்குப் பின்னர் மெல்லிய வண்ணம் பூசிக் கண்காட்சியில் விற்பதும் அவர் வழக்கம். 1913இல் நூலாக வந்த 'மதர் கூஸ்' குழந்தைப் பாடல் சித்திரங்கள் அதற்கு முன்பே 'செயின்ட் நிக்கலஸ்' என்னும் அமெரிக்கச் சிறுவர் இதழில் வெளிவந்திருந்தன. அவ்விடத்தில் ஒரு சித்திரத்தின் விலைகள் மூன்று என்பது நான்காகிவிட்டது.

இவ்வளவுக்கும் அடிப்படை, மூலச் சித்திரத்தை அவர் பதிப்பகத்தாருக்கு விட்டுக்கொடுக்காமல் தம்மிடம் வைத்துக்கொண்டதே. அச்சிடும் உரிமை ஒன்று. தாளும் மையும் வண்ணமுமாகிய பொருள் மற்றொன்று. இந்த வேறுபாட்டை அன்று எத்தனையோ படம்வரைவோர் உணரவில்லை. வேலையைக் கொடுத்தோம், கூலியை வாங்கினோம் என்று போய்விட்டார்கள். அவர்களுடைய சித்திரங்கள் அச்சகங்களின் மூலைகளில் கிடந்து மறைந்தன.

வீட்டிலும் அவர் சிக்கனக்காரர். லண்டன் பிரிம்ரோஸ் குன்றுக்கு அருகே சால்கட் கார்டன்ஸில் இருந்த வீட்டிலேயே அவருடைய வேலைக்கூடமும் இருந்தது. பூதங்களுக்கும் குள்ளர்களுக்கும் கூலிக்கு ஆள் அமர்த்த வேண்டிய தேவை குறைவு; கண்ணாடியில் தெரிந்த தம் முகமே போதுமானதாக இருந்தது. சுருங்கிய முகமும் வட்டக் கண்ணாடியும் கூரிய மூக்குமாக அவருடைய சித்திரங்களில் எட்டிப்பார்க்கும் குள்ளர்களுள் பலர் ராக்ஹாமே. 1908இல் பிறந்த மகள் பார்பரா வளர்ந்தபின் சிறுமிகளுக்கு மாதிரியானாள். தோற்றத்தில் அவர் ஒரு வங்கி அலுவலர் போலவே இருந்தார், பழக்கவழக்கமும் அத்தகையதே. ஊக்கம் வரட்டும் என்று காத்திருந்ததாக அவரைப் பற்றி எவரும் சொல்லவில்லை.

அவர் வழியைப் பின்பற்றி வேறு சிலரும் வந்தனர். ராக்ஹாம் ஹைன்மன் பக்கம் சாய்ந்தபோது, ஹாடர் பதிப்பகம் பிரான்சிலிருந்து வந்த இளைஞர் எட்மண்ட் டுலாக்கை நாடியது. 1907இல் அவருடைய அரேபிய இரவுக் கதைகள் வெளிவந்தன. லெஸ்டர் கூடத்திலேயே அவற்றுக்கும் கண்காட்சி. டென்மார்க்கின் கை நீல்சன் 1914இல் வடநாட்டுக் கதைகளுக்கு வரைந்த சித்திரங்கள் அழகில் எவருக்கும் குறைந்தவை அல்ல. பருவம் மாறியபின் இவ்விருவரும் வேறு திசைகளுக்குப் போனார்கள். டுலாக் அஞ்சல்தலைகளும் வார இதழ் அட்டைகளும் வரைந்தார். நீல்சன் ஹாலிவுட் சென்று, டிஸ்னியின் 'ஃபாண்டேசியா' படத்தில் பணியாற்றி, 1957இல் வறுமையில் மறைந்தார். திறமை ஒன்றே ஒருவரைக் காத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு நீல்சனின் கதை நல்ல மறுப்பு.

பருவத்தை மாற்றியது 1914இல் மூண்ட உலகப் போர். தாளும் ஆளும் அருகின. பதினைந்து சில்லிங் கொடுத்துப் பரிசுநூல் வாங்கிய வீடுகளில் வேறு கவலைகள் புகுந்தன. நாற்பத்தேழு வயதான ராக்ஹாம் உள்ளூர்த் தொண்டர் படையில் சேர்ந்து பதுங்குகுழி வெட்டப் போனார். படம் வரைவதும் நிற்கவில்லை. 1916இல் நேச நாடுகளின் தேவதைக் கதைகள் என்றொரு தொகுதியும் வந்தது. போர் முடிந்தபின் 1919இல் 'சிண்டரெல்லா', 1920இல் 'உறங்கும் அழகி' ஆகியவற்றை நிழலுருவங்களாக வரைந்தார். கறுத்த உருவங்கள், சில இடங்களில் ஓரிரு வண்ணங்கள். மூவண்ண பிளாக்குகளுக்கும் ஆர்ட் தாளுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவை மலிவு. சிக்கனத்திலிருந்து பிறந்த அந்தச் சித்திரங்கள் அவருடைய மிகச் சிறந்தவற்றுள் சேர்ந்துவிட்டன என்பது வேறு கதை.

அதன் பிறகு அவரைத் தாங்கியது அமெரிக்கா. நியூயார்க்கில் அவருடைய சித்திரங்கள் விற்றன. 1920களின் முற்பகுதியில் கோல்கேட் நிறுவனத்தின் நறுமணச் சோப்புக்கு விளம்பரச் சித்திரங்கள் வரைந்தார். நடுவேனிற் கனவின் தேவதைகளை வரைந்த கை சோப்புக்கு வரைந்ததைச் சிலர் வீழ்ச்சி என்பர். அந்தப் பணம் நோயுற்றிருந்த மனைவியின் மருத்துவத்துக்கும் வீட்டுக்கும் பயன்பட்ட காலம் அது. குறைசொல்வோர் அதையும் எண்ணிப்பார்க்கலாம். 1927இல் அவர் அமெரிக்கா சென்றபோது சிறப்பான வரவேற்பு கிடைத்தது. நியூயார்க் பொது நூலகம் 'நடுவேனிற் கனவு' நாடகத்தைக் கையெழுத்து நூலாகச் செய்விக்க முன்வந்தது. எழுத்தைக் கிரெய்லி ஹியூவிட் என்னும் எழுத்துக்கலைஞர் எழுத, சித்திரங்களை ராக்ஹாம் புதிதாக வரைந்தார். உலகில் ஒரே ஒரு படி. வாழ்நாள் முழுதும் ஒரு சித்திரத்தைப் பலவாகப் பெருக்கி வாழ்ந்தவர், பெருக்கவே முடியாத ஒன்றை அங்கே செய்து கொடுத்தார்.

இத்தனை கணக்கிலும் ஈடுசெய்ய முடியாத ஓர் இழப்பு அவர் நெஞ்சில் இருந்தது. 1908இல் கென்னத் கிரஹாம் 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' என்ற கதையை வெளியிட்டார். ஆற்றங்கரையில் வாழும் எலி, அகழ் எலி, தேரை, வளைக்கரடி ஆகியோரின் கதை. அதற்குப் படம் வரையும் வாய்ப்பு ராக்ஹாமைத் தேடி வந்தது. ஆற்றங்கரை வேர்களும் பொந்துகளும் சிறு பிராணிகளும் அவரைக் காட்டிலும் வேறெவர் கைக்குப் பொருந்தும்? ஆனால் அப்போது அவர் மேசையில் 'நடுவேனிற் கனவு' இருந்தது. அதற்குப் பின்னும் ஒப்புக்கொண்ட வேலைகள் வரிசையில் நின்றன. ஒப்புக்கொண்டதை விடுவது அவர் இயல்பில் இல்லை. மறுத்துவிட்டார். நூல் ஒரே ஒரு முகப்புச் சித்திரத்தோடு, அதுவும் வேறொருவர் வரைந்தது, வெளிவந்தது. பின்னர் வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். 1931இல் எர்னஸ்ட் ஷெப்பர்ட் வரைந்தவை பெரும்புகழ் பெற்றன. சம்பளமில்லாத் தொழிலில் சுதந்திரம் மிகுதி என்பார்கள். அந்தச் சுதந்திரத்தில் ஒரு நாளை இரண்டு நாளாக்கும் உரிமை மட்டும் இல்லை.

1936இல் அமெரிக்காவின் லிமிடெட் எடிஷன்ஸ் கிளப் என்ற சிறப்புப் பதிப்பு நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசி, சர்ரி மாவட்டத்தின் லிம்ஸ்ஃபீல்டில் இருந்த ராக்ஹாமின் வீட்டுக்கு வந்தார். ஜேம்ஸ் ஸ்டீபன்ஸின் ஒரு நூலுக்குப் படம் கேட்பதே அவர் வந்த நோக்கம். பேச்சு முடிந்து விடைபெறும் வேளையில், கிரஹாமின் நூலையும் வரையலாமே என்றார். ராக்ஹாம் சற்று நேரம் பேச இயலாதவராய் நின்றார் என்று மேசி பின்னாளில் எழுதினார். ஸ்டீபன்ஸின் நூலை ஒதுக்கிவிட்டு இதையே செய்வது என முடிவாயிற்று. அந்த நிறுவனத்துக்காக ராக்ஹாம் 'நடுவேனிற் கனவு' நாடகத்துக்கும் மீண்டும் ஒரு முறை வரைந்தார். 1908இல் ஆற்றங்கரைக் கதையை வரையவிடாமல் தடுத்த அதே நாடகம், இப்போது அதன் அருகிலேயே வந்து அமர்ந்தது.

அதற்குள் புற்றுநோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1938இல் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு படுக்கையில் இருந்தபடி, வலியோடு, சிறிது சிறிதாக வரைந்தார். கடைசியாக வரைந்தது எலியும் அகழ் எலியும் உல்லாசப் பயணத்துக்காகப் படகில் உணவுக் கூடையை ஏற்றும் காட்சி. சித்திரம் முடிந்தது என்று வைத்தபின், படகில் துடுப்பு இல்லை என்பதைக் கண்டார். அதனால் ஒன்றும் குறைவில்லை என்று மகள் பார்பரா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். துடுப்பில்லாத படகை அவரால் விட முடியவில்லை. தாளைத் திரும்ப வாங்கித் துடுப்புகளை வரைந்து சேர்த்தார். அதன் பின்னர் அவர் வேறெதுவும் வரையவில்லை.

1939 செப்டம்பர் 6ஆம் நாள் ராக்ஹாம் மறைந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இறங்கி மூன்று நாட்களே ஆகியிருந்தன. நூல் 1940இல் நியூயார்க்கில் 2,020 படிகளாக வெளிவந்தது. இங்கிலாந்தில் அந்தச் சித்திரங்கள் நூலாக வர 1950 ஆயிற்று. அமெரிக்கப் பதிப்பின் ஒவ்வொரு படியிலும், வழக்கமாக ஓவியர் கையொப்பம் இடும் பக்கத்தில், நூலை வடிவமைத்த புரூஸ் ராஜர்ஸ் தம் பெயரை எழுதினார்.